எந்த மதர்போர்டு என்று எழுத்தில் தெரிவிக்கவும்

அன்புக்கும் உரிமைக்கும் உரிய மைத்துனருக்கு, உன் அக்காவின் கணவன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அக்காவும் சுகம். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதும்போது இந்த வீட்டு மனிதர்களை மட்டும்தான் சொல்கிறேன், கம்ப்யூட்டரைச் சேர்க்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. ஒரு போன் போட்டால் முடிகிற விஷயத்துக்கு இவ்வளவு காகிதமா என்று நீ நினைப்பாய். காலையிலிருந்து உன்னை அழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ வேறு அழைப்பில் இருப்பதாக ஒரு பெண் குரல் சொல்கிறது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனுக்குப் போன் ஓயாமல் வருவது நல்லதுதான், நன்றாக இரு. ஆனால் நீ எடுத்திருந்தாலும் நான் இதை எழுதித்தான் இருப்பேன். போனில் நீ, “உங்க இஷ்டம் அத்தான்” என்று சொல்லி நழுவிவிடுவாய். நான் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் துறையில் வாயால் சொன்ன எதுவும் சொன்னதாக ஆகாது. ஒரு லிஃப்ட்டைப் பார்த்து முடித்ததும் ‘பார்வையிட்டேன், இயங்குகிறது’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டால்தான் அது முடிவு. அப்படி ஒரு முடிவு உன்னிடமிருந்து எனக்கு எழுத்தில் வேண்டும். பாதிக் கதை உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், முழுவதையும் வரிசையாக எழுதுகிறேன். அப்போதுதான் உனக்கு முடிவு சொல்ல வசதியாக இருக்கும்.

உன் அக்கா பாடநூல் அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் படம் வரைந்தாள். இதயம், நுரையீரல், தவளையின் குடல், செடியின் வேர் என்று அவள் கையிலிருந்து வராத உறுப்பு இல்லை. எத்தனையோ பிள்ளைகள் அந்தப் படங்களைப் பார்த்துப் பரீட்சை எழுதினார்கள், இன்னும் எத்தனையோ பேர் அந்த இதயத்துக்கு மீசை வரைந்து திட்டு வாங்கினார்கள். ஆனால் அந்தப் புத்தகங்கள் எதிலும் அவள் பெயர் வந்ததில்லை. பாடம் எழுதியவர் பெயர் இருக்கும், சரிபார்த்தவர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர்கூட இருக்கும். படம் வரைந்தவர் என்று ஒரு வரி இருக்காது. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் புதுப் புத்தகம் வீட்டுக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்ப்பாள், அதை நான் கவனித்திருக்கிறேன். ஓய்வு பெற்றதும் கம்ப்யூட்டரில் அசையும் படம் செய்யக் கற்றுக்கொண்டாள். இப்போது ஒரு மருத்துவக் கல்லூரி, காதின் உட்புறம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு மாதிரிப் படம் செய்து கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அது அவர்களுக்குப் பிடித்துவிட்டால் உடம்பு முழுவதற்கும் அவளே படம் செய்ய வேண்டும், ஒவ்வொரு படத்திலும் அவள் பெயர் வரும். மாதிரிப் படம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். இன்று புதன்.

அவளிடம் இருப்பது நான் ஓய்வு பெறும்போது வாங்கிய பழைய கம்ப்யூட்டர். கடிதம் அடிக்க, செய்தி படிக்க, பேரப்பிள்ளையின் போட்டோ பார்க்க அது போதும். காதை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினால் அப்படியே மலைத்துப்போய் நின்றுவிடுகிறது. அது நிற்கும் நேரத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் உன் அக்கா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறாள். இப்போது எங்கள் வீட்டில் கழுவாத பாத்திரமே கிடையாது, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறாள். இதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் உன்னிடம் சொன்னேன். நீயும், புதிதாக ஒரு மெஷினைச் சேர்த்துக் கட்டிவிடலாம் என்றாய், என்னென்ன பாகம் வாங்க வேண்டும் என்றும் சொன்னாய். எல்லாம் வந்து அவள் அறையில் பத்திரமாக இருக்கிறது. பாக்கி மதர்போர்டு ஒன்றுதான். மற்ற பாகமெல்லாம் அதன் மேல்தான் உட்கார வேண்டும் என்பதால், அது இல்லாமல் அவையெல்லாம் வெறும் சாமான்கள்தான்.

அந்த மதர்போர்டில் பழைய மாடல், புது மாடல் என்று இரண்டு இருந்தன. இந்த இடத்தில்தான் நீ ஒரு வார்த்தை சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “அத்தான், பழைய மாடலையே எடுங்க. அது எத்தனையோ வீட்ல ஓடி நல்ல பேர் வாங்கிடுச்சு. புதுசுல என்ன கோளாறு இருக்குன்னு நாலு பேர் வாங்கி அடிபட்டப்புறம்தான் தெரியும்.” எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது, ஓர் ஆய்வாளர் பேசுகிற மாதிரியே இருந்தது. அன்றே மகள் போன் செய்தாள். “அப்பா, புது மாடலையே வாங்குங்க. நாளைக்கு அம்மாவுக்கு இன்னும் பெரிய வேலை வந்து வேற பாகம் மாத்தணும்னா அந்தப் பழசு தாங்காது” என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. நான் சும்மா இருக்காமல், நீ சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை உன்னிடமும் சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் வாதாடி ஏதாவது ஒன்றில் நிற்பீர்கள், நான் அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அவளோ, “மாமா சொன்னா காரணம் இருக்கும்பா, பழசே வாங்கிடுங்க” என்றாள். நீயோ, “குழந்தை சொல்றதும் சரிதான் அத்தான், புதுசே இருக்கட்டும்” என்றாய். இவ்வளவு மரியாதை தெரிந்த குடும்பத்தில் ஒரு மதர்போர்டு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

உன் அக்கா அப்போதே சொன்னாள், “ரெண்டுல ஏதாவது ஒண்ணை வாங்கிட்டு வாங்க. எனக்கு வேலை கெடக்கு.” நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். “ஏதாவது ஒண்ணுன்னா எப்படி? உன் பேர் வரப்போற வேலை இது. பரிசோதிச்சுப் பாக்காம நான் ஒண்ணையும் இந்த வீட்டுக்குள்ள விடமாட்டேன்” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். இந்த வீட்டை நாங்கள் வாங்கியபோதும் இதே மாதிரி பார்த்தாள், நான் தரைத் தளம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதற்காக.

முதலில் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், எதைக் கேட்டாலும் தலையாட்டிக்கொண்டே பதில் சொல்வார், எந்தப் பக்கம் ஆட்டுகிறார் என்றுதான் புரியாது. “எது நல்லது?” என்று கேட்டேன். “ரெண்டும் நல்லதுதான் சார்.” “பழைய மாடல்ல புகார் ஏதாவது வந்திருக்கா?” “ஒண்ணும் வரல சார்.” “புதுசுல?” “இன்னும் ஒண்ணும் வரல சார்.” அந்த ‘இன்னும்’ என் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. “நீங்க சொந்தமா எதை வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். கல்லாப் பக்கத்தில் இருந்த அவருடைய கம்ப்யூட்டரைக் காட்டினார். அதற்கு ஒரு பக்கத்து மூடியே இல்லை, உள்ளே காற்று போவதற்காக ஒரு மேசை விசிறியைப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். என்ன மாடல் என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. நான் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு இன்டர்நெட்டில் உட்கார்ந்து இரண்டு போர்டுகளைப் பற்றியும் ஜனங்கள் எழுதிய புகார்களையெல்லாம் படித்தேன். நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. நிரூபணமானது என்று நீ சொன்ன பழைய போர்டுக்குத்தான் புகார்கள் மலைபோலக் குவிந்து கிடந்தன, புதியதற்கு இங்கொன்றும் அங்கொன்றும்தான். உடனே எனக்குப் புதியதன் மேல் பிரியம் வந்துவிட்டது. ஆனால் ஒரு கணம் யோசித்தேன். ஆளே குடிவராத கட்டடத்து லிஃப்ட் மேல் யாரும் புகார் எழுதியதில்லை, அதற்காக அது நல்ல லிஃப்ட் என்று நான் கையெழுத்துப் போட முடியுமா? பழையதை வாங்கியவர்கள் ஏராளம், அதனால் புகாரும் ஏராளம். புதியதை வாங்கியவர்கள் ஒரு சிலர்தான், அதனால் புகாரும் ஒன்றிரண்டுதான். சரி, இருக்கிற ஒரு புகாரையாவது விசாரிப்போம் என்று, புதிய போர்டு தன் மெஷினைக் கெடுத்துவிட்டதாக எழுதிய ஒருவருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் மிகவும் மரியாதையாகப் பதில் எழுதினார். பிறகுதான் தெரிந்ததாம், அவர் பிளக்கையே சரியாகச் சொருகவில்லை. புகாரை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்றார். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

படித்துப் பார்த்து ஆகிற காரியம் இல்லை, ஓடுகிற இடத்தில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். லிஃப்ட்டையும் நான் அப்படித்தான் பார்ப்பேன், காகிதத்தை நம்பி ஒரு நாளும் உள்ளே காலை வைத்ததில்லை. அந்தப் பழைய போர்டு யார் வீட்டில் ஓடுகிறது என்று கடைக்காரரைக் கேட்டேன். பக்கத்துத் தெருவில் பல் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே படம் பார்க்கும் கம்ப்யூட்டரில் அதுதான் இருக்கிறது என்றார். நேராக அங்கே போனேன். வரவேற்பில் இருந்த பெண், “எதுக்காக வந்திருக்கீங்க?” என்று கேட்டாள். “உள்ளே இருக்கறதைப் பார்க்கணும்” என்றேன். நான் சொன்னது கம்ப்யூட்டரின் உள்ளே, அவள் எடுத்துக்கொண்டது என் வாயின் உள்ளே. உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். கூப்பிட்டார்கள், போனேன். சாய்ந்த நாற்காலியில் படுக்கச் சொன்னபோதே நான் வந்த விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அந்த நாற்காலியில் படுத்தால்தான் கம்ப்யூட்டர் திரை நன்றாகத் தெரிந்தது. டாக்டர் என் வாயைத் திறந்து படம் எடுத்தார். படம் பளிச்சென்று திரையில் வந்து நின்றது, ஒரு தயக்கம் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டே, “எப்படி ஓடுது?” என்று கேட்டேன். “மெஷினா? அது பிரமாதமா ஓடுது. கடைவாய்ப் பல்லுதான் போயிடுச்சு, எடுத்துடலாம்” என்றார். எடுத்துவிட்டார். கன்னம் வீங்கிப்போய் வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து உன் அக்கா, “போர்டு வாங்கினீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன், எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனாலும் அந்தப் பல் வீண் போகவில்லை. பழைய போர்டுதான் என்று மனம் ஒருவழியாகத் திடமாகிவிட்டது. வீக்கம் வடிந்ததும் கடைக்குப் போய், “பழைய மாடலையே கொடுங்க” என்று கம்பீரமாகச் சொன்னேன். கடைக்காரர் எடுக்கப் போனவர், திரும்பிப் பார்த்து, “நீங்க என்ன பிராசஸர் வாங்கியிருக்கீங்க சார்?” என்று கேட்டார். சொன்னேன். “அப்ப பயாஸ் மாத்தணும்” என்றார். போர்டுக்குள் ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறதாம், அதற்குத்தான் பயாஸ் என்று பெயராம். மெஷினை ஆன் செய்ததும் முதலில் கண் விழிப்பது அதுதானாம். “இந்த போர்டு வந்தப்ப உங்க பிராசஸர் பொறக்கவே இல்ல சார். அதனால இதுக்கு அதை அடையாளம் தெரியாது. புது பயாஸ் ஏத்திட்டா தெரிஞ்சுக்கும்.” “அந்தப் புது பயாஸ் எப்ப வந்தது?” என்று கேட்டேன். “போன மாசம்தான் சார், சூடா இருக்கு” என்றார். நான் அப்படியே அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நிரூபணமானது என்று ஒரு பல்லையே கொடுத்துத் தெரிந்துகொண்ட போர்டு, உள்ளுக்குள் போன மாதம் பிறந்ததாக ஆகிவிடப்போகிறது. “அப்ப அந்தப் புது போர்டு?” என்றேன். “அதுல பாதி பழசுதான் சார். சத்தத்துக்கு இருக்கற சிப்பு, நெட்வொர்க் சிப்பு எல்லாம் இந்தப் பழைய போர்டுல இருக்கறதேதான். ரொம்ப நாளா ஓடற சரக்கு” என்றார். ஆக, பழையது உள்ளே புதியது, புதியது உள்ளே பழையது.

கடைக்காரருக்கும் சாப்பாட்டுக்குப் போகிற நேரம் போலிருக்கிறது. இரண்டு பெட்டிகளையும் என் கையில் வைத்து, “ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க சார். நிதானமாப் பாருங்க. வேண்டாததைத் திருப்பிக் கொடுங்க. பெட்டில மட்டும் ஒரு கீறல்கூட விழக் கூடாது, விழுந்தா நான் திருப்பி எடுக்க மாட்டேன்” என்றார். பழையதில் அந்தப் புது பயாஸையும் ஏற்றியே கொடுத்தார். அதனால் இப்போது இரண்டு போர்டும் உடனே பொருத்துகிற நிலையில்தான் இருக்கின்றன. கீறல் விழாது என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதிலிருந்து இரண்டு பெட்டியும் கூடத்து மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. போகும்போதும் வரும்போதும் நான் அவற்றைப் பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்தையும் அந்தப் பெட்டிகளில் ஒன்றின் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுதும் அட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, கடிதம் எழுதும் வழக்கம் போய்விட்டதல்லவா. பழைய மாடலின் பெட்டி கெட்டியாக, அழுத்தினால் அமுங்காமல் இருக்கிறது, புதியதன் பெட்டி வழுவழுவென்று காகிதத்தை நழுவ விடுகிறது. எழுதுவதற்குக்கூட நான் பழையதைத்தான் நம்பியிருக்கிறேன் என்பதை நீ முடிவு சொல்லும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். சற்று முன் உன் அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். “எழுதி முடிக்க நேரமாகுமா?” என்று கேட்டாள். “ஆகும், கடிதத்துல இன்னும் பல் டாக்டரே வரல” என்றேன். “சரி, நிதானமா எழுதுங்க. அந்தப் பெட்டி வேணுமா உங்களுக்கு?” என்றாள். “வேணும், இது மேல வெச்சுத்தானே எழுதறேன்” என்றேன். “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று சொல்லி மேசையைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து ஸ்குரூ டிரைவர் எங்கே என்று கேட்டாள், நாற்காலி ஆடுகிறதாம். அலமாரியின் கீழ்த் தட்டில் என்றேன். பாவம், வெள்ளிக்கிழமை நெருங்குகிற கவலையில் உட்காரவும் முடியாமல் ஆடுகிற நாற்காலியோடு மல்லுக்கட்டுகிறாள்.

சாப்பிட்டுவிட்டு, பல்லுக்குக் கொடுத்த மருந்தின் அசதியில் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்து, மறுபடி எழுதுகிறேன். இப்போதுகூட உன்னை அழைத்துப் பார்த்தேன், நீ இன்னும் வேறு அழைப்பில்தான் இருக்கிறாய். அப்படி விடாமல் பேசுகிற வாடிக்கையாளர் யாரோ, உன் பொறுமையை மெச்சுகிறேன். உன் அக்காவும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். “லேசா அழுத்தணுமா, பலமாவா?” என்று கேட்பது காதில் விழுந்தது. பிறகு, “டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு, அது நல்ல சத்தமா?” என்றாள். தையல் மெஷின் பழுதோ என்னவோ. நான் தலையிடவில்லை, எனக்கு இருக்கிற வேலையே தலைக்கு மேல் இருக்கிறது.

தம்பி, உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் எதுவும் ஒரு நாளும் கீழே விழுந்ததில்லை. ஆனால் அந்த லிஃப்ட் எதிலும் உன் அக்காவின் பெயர் இருந்ததும் இல்லை. யாரோ போய்வருகிற லிஃப்ட்டுக்கு யோசித்ததைவிட இதற்கு அதிகமாக யோசிக்கிறேன், அதனால்தான் கை ஓடவில்லை. நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது வியாழக்கிழமை நின்றுபோய், வெள்ளிக்கிழமை அந்தக் கல்லூரி வேறு ஆளைத் தேடிப் போய்விட்டால், அவள் என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். எழுந்து போய்ப் பாத்திரம்தான் கழுவுவாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதனால் பொறுப்பை உன் தலையில் கட்டுகிறேன் என்று நீ சொன்னால் சொல்லிக்கொள். நீ இந்தத் தொழிலிலேயே இருக்கிறவன், அவள் உடன்பிறந்தவன், உன்னைவிட உரியவர் எனக்கு வேறு யாரும் இல்லை.

ஆகவே, கூரியரில் இன்றே அனுப்புகிற இந்தக் கடிதம் நாளைக் காலை உன் கைக்கு வந்ததும், ‘பழையது’ அல்லது ‘புதியது’ என்று தெளிவாக எழுதி, கீழே கையெழுத்திட்டு, அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பவும். ‘உங்கள் இஷ்டம்’, ‘இரண்டும் ஒன்றுதான்’, ‘அக்காவைக் கேளுங்கள்’ போன்ற பதில்கள் ஏற்கப்பட மாட்டா. பதில் வந்த உடனே அந்த போர்டை அவளிடம் கொடுத்துவிடுகிறேன், இன்னொன்றைக் கீறல் இல்லாமல் கடைக்காரரிடம் சேர்த்துவிடுகிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், பல்லை ஒழுங்காகத் தேய்க்கட்டும். உன் கடையில் வேலையும் வீட்டில் நிம்மதியும் குறையாமல் நிறைந்திருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
முடிவை எழுத்தில் எதிர்பார்க்கும்
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதற்கும் பதில் வேண்டாம். உறை எடுப்பதற்காக உன் அக்காவின் அறைக்குப் போனேன். மேசைக்குக் கீழே ஒரு புது மெஷின் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போன் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, அதற்குள் நீ இருந்தாய். என்னைப் பார்த்ததும், “என்ன அத்தான், சௌக்கியமா?” என்று கேட்டாய். நான் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரமெல்லாம் நீ என் வீட்டில்தான் இருந்திருக்கிறாய்! விடாமல் பேசுகிற வாடிக்கையாளர் என்று எண்ணி, உன் பொறுமையை நான் வேறு மெச்சியிருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது, அதனால் அதை இங்கே எழுதவில்லை.

எந்த போர்டு என்று உன் அக்காவைக் கேட்டேன். “புதுசு” என்றாள். எதற்காகப் புதியது, நீ என்ன காரணம் சொன்னாய் என்று கேட்டேன். “அவன்கிட்ட எதுன்னு நான் கேக்கவே இல்ல. எப்படின்னுதான் கேட்டேன்” என்றாள். “அப்ப யார்தான் இதைத் தேர்ந்தெடுத்தது?” “நீங்கதான். ஒரு பெட்டி மேல காகிதத்தை வெச்சு எழுதிக்கிட்டிருந்தீங்க, அதான் நான் மத்ததை எடுத்துக்கிட்டேன்” என்றாள். காகிதம் நழுவாமல் இருக்கட்டும் என்று காலையில் நான் கையில் எடுத்த பெட்டியால் எல்லாம் முடிவாகியிருக்கிறது, இத்தனை பக்கம் எழுதியவனுக்கு அது தெரியவில்லை. அந்தப் பெட்டியை இப்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நான் அழுத்தி எழுதுகிறவன் என்பது உனக்குத் தெரியும். ‘அன்புக்கும் உரிமைக்கும்’ என்பதிலிருந்து ‘உன் அத்தான்’ வரைக்கும் மூடி முழுக்கப் பதிந்திருக்கிறது. கடைக்காரர் இதைத் திருப்பி எடுக்கப் போவதில்லை. பழைய கம்ப்யூட்டருக்கு அந்த போர்டைப் போட்டுவிடலாம் என்று நீ போனில் சொன்னாய், எழுத்தில் கேட்காமலே ஒப்புக்கொண்டேன்.

பிறகு உன் அக்கா என்னை அவள் நாற்காலியில் உட்காரவைத்து, “குறை இருந்தா சொல்லுங்க” என்றாள். அந்த நாற்காலி கொஞ்சமும் ஆடவில்லை. திரையில் காது திரும்பியது. நிற்காமல், தயங்காமல், அவள் கை போன பக்கமெல்லாம் திரும்பியது. ஒரு சத்தம் உள்ளே போனது, அந்த மெல்லிய ஜவ்வு நடுங்கியது, அதன் பின்னால் மூன்று சின்ன எலும்புகள் ஒன்றையொன்று தட்டி எழுப்பின, நத்தை மாதிரிச் சுருண்டிருந்த ஒன்றுக்குள் அலை ஓடியது. நான் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஓரத்தில் அவள் பெயர் வந்து நின்றது. அதற்கு மேல் எனக்குத் திரை சரியாகத் தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். “என்ன, ஏதாவது குறையா?” என்று கேட்டாள். “பேர் ரொம்பச் சின்னதா இருக்கு” என்றேன். பெரிதாக்கினாள். இன்னும் கொஞ்சம் என்றேன், இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

எழுதி முடித்ததை அனுப்பாமல் வைத்துக்கொள்வது எங்கள் துறையில் வழக்கமில்லை என்பதால் இதை அனுப்புகிறேன். நீ கையெழுத்துப் போட வேண்டாம், அந்த வேலையை நானே முடித்துவிட்டேன்.

பார்வையிட்டேன். இயங்குகிறது.